பிளாஸ்டிக் புல்லில் கொட்டிய ஆரத்தி

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னைச் சந்திக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை... ஆனால் இந்த முறை ஆதாரத்தோடு வந்திருக்கிறேன்.

உயிரோடு இருந்த புல்லை ஆள் வைத்துக் கொத்தி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் புல்லை விரித்தவன் நான். அதோடு நிறுத்தியிருந்தால் அரை முட்டாள். அதற்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மண்ணுக்கு இறங்காதபடி கேன்வாஸ் வேறு போட்டேன். வீட்டில் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது என்று தெரிந்தும்!

பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் தோசையை முடித்துவிட்டு வாருங்கள். இந்த வாரம் முழுக்க நாய் மூத்திரம்தான்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அதில் கொஞ்சம் புல், மூலையில் ஒரு செம்பருத்தி. அந்தச் செம்பருத்தியின் அடிதான் கோப்பியின் கழிவறை.

கோப்பி எங்கள் நாய். எங்கள் நாய் என்ன, என் மகன் தினேஷின் நாய். படிவம் மூன்றில் படிக்கும்போது, மழை நாளில் தெரு லொங்காங்கிலிருந்து, சாக்கடையிலிருந்துதான், தூக்கிக்கொண்டு வந்தான். காப்பிக் கலரில் ஒரு கைப்பிடி ரோமம். "நான் பாத்துக்கிறேன்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றான். பிறகு மெல்பர்னுக்குப் படிக்கப் போனான். அங்கேயே வேலை, கல்யாணம், குழந்தை. நாய் மட்டும் எங்களிடம். இப்போது அதற்கு நல்ல வயசாகிவிட்டது. காலைத் தூக்கக்கூட முடியாது. நின்ற இடத்தில் நின்று, எங்கேயோ யோசித்துக்கொண்டே, போய்விடும்.

பேத்தி தியா பிறந்ததிலிருந்து எங்களுக்கு அவள் ஒரு போன் திரைதான். ஒன்றரை வயசுக் குழந்தையை நாங்கள் இன்னும் தொட்டதில்லை. அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தினேஷ் சொன்னான், இரண்டு வார லீவில் குடும்பத்தோடு வருகிறேன் என்று.

என் மனைவி புஷ்பா போனைப் பிடுங்கினாள். "நம்ம வீட்லதானே தங்குவீங்க?"

"பாப்போம்மா."

பிள்ளைகள் சொல்கிற 'பாப்போம்' எந்தப் பெற்றோருக்குப் புரிந்திருக்கிறது? அன்று மதியமே ஒரு ரூம் காலி ஆனது.

அடுத்து என்னிடம் கேட்டான். "அப்பா, அங்க கொசு எப்படி? டெங்கி ஏதும் இருக்கா? வாசல்ல அந்தப் புல்லு இன்னும் இருக்குல்ல... தியா கீழ கெடக்கிறதெல்லாம் எடுத்து வாயில வைக்கிறா."

"புல்லா? அதை எடுத்துடறேன்டா!"

"ஐயோ, எடுக்கச் சொல்லலப்பா..."

"நீ வந்து பாரு."

மறுவாரமே செராஸ் பக்கமெல்லாம் விசாரித்து, கடைசியில் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடையைப் பிடித்தேன். கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே விதவிதமாக உருட்டி விரித்துக் காட்டினார். "பாஸ், தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், கொசு வராது. வீட்ல நாய் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அப்ப டெய்லி பைப்புல கழுவி விடணும் லா. அடியில தண்ணி எறங்குற மாதிரி விட்டுருங்க, பாஸ். ப்ராப்ளம் இல்ல."

அவர்மேல் தப்பே இல்லை. தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் 'ப்ராப்ளம் இல்ல' மட்டும் விழுந்தது.

செம்பருத்தியையும் புல்லையும் கொத்தி எடுத்தாயிற்று. ஆனால் களை திரும்ப முளைக்குமே? பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வந்தால்? அறிவாளி அங்கேதான் விழித்துக்கொண்டான். தீபாவளித் திறந்த வீட்டு உபசரிப்புக்கு வாசலில் கட்டிய நீல கேன்வாஸ் ஸ்டோரில் சும்மா கிடந்தது. அதை அளவாக வெட்டி மண்மேல் விரித்தேன். அதற்குமேல் புல். ஓரமெல்லாம் டைல்ஸ். கச்சிதம்!

பக்கத்து வீட்டு அந்தோணி வேலிக்குமேல் தலையை நீட்டினார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழுநேர வேலை என்னைக் கண்காணிப்பது.

"என்னா தலைவரே, ஸ்டேடியம் தொறந்துட்டீங்க? எந்த டீம் வருது?"

"பேத்தி வர்றா."

"அப்படிப் போடுங்க! எங்க பேரனோட கட்டில் மாடியில சும்மாதான் இருக்கு. எடுத்துக்குங்க. கொசுவலையோட."

கட்டில் வந்தது. புஷ்பா அதைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஏர்கான் ரூமில் போட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பிக்குத்தான் குழப்பம். செம்பருத்தி இருந்த மூலையில் போய் நிற்கும். முகர்ந்து பார்க்கும். என்னைத் திரும்பிப் பார்க்கும். 'எங்கேடா மண்?' என்று கேட்பதுபோல இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கேயே ஒன்றுக்கு இருந்துவிட்டு வரும்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கிள்ளான் தன் வேலையைக் காட்டியது. காலையில் வெயில், மாலையில் மழை, மறுபடி வெயில். பிளாஸ்டிக் புல் சூடாகி ஆவி விட ஆரம்பித்தது. கூட்டத்தில் நாற்றம் வந்தால் பக்கத்தில் நிற்பவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்... இது என் வாசல். பழி போட ஆளில்லை.

"தலைவரே," என்றார் அந்தோணி, "வாசம் எங்க சாப்பாட்டு மேசை வரைக்கும் வருது. எங்க வீட்டம்மா இன்னிக்கு ஊறுகாயே வைக்கல."

அன்றிலிருந்து நான் சுத்தம் செய்கிறவன் ஆனேன். பைப் வைத்து அடித்தேன். தரை துடைக்கிற லாவெண்டர் சோப்பை ஊற்றினேன். விளைவு என்ன? லாவெண்டர் தோட்டத்தில் ஒரு நாய் மூத்திரம் போன வாசம். இரண்டும் தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்காமல் வந்தன. சாம்பிராணி போட்டேன். அந்தோணி ஓடி வந்து, "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

பிறகு ப்ளீச். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மூத்திரம் ஊறிய இடத்தில் ப்ளீச்சைக் கொட்டினால் ஒரு புகை கிளம்பும். கண் எரிந்து, தொண்டை அடைத்து, நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன். புஷ்பா உள்ளேயிருந்து கத்தினாள். "பேத்தியப் பாக்கறதுக்கு முன்ன போய்ச் சேந்துடாதீங்க!"

இதற்கு நடுவில் தினேஷ் போன் செய்தான். நான் வாசல் நாற்றத்தைச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் மறைப்பானேன்? "அப்பா, அந்த ரெண்டு வாரமும் கோப்பிய வேற எங்கயாச்சும் வைக்க முடியாதா?" என்றான்.

அந்தக் கோப்பி... அவன் பேர் வைத்த கோப்பி.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஏன்டா?' என்று கேட்கவில்லை. காப்பாரில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் பழைய சிநேகிதருக்குப் போன் போட்டேன். "அனுப்புங்க லா," என்றார் அவர். "தோட்டத்துல காவலுக்கு ஆள் வேணும்." அது படுத்தால் எழுப்பிவிடவே ஆள் வேண்டும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

புஷ்பாதான் நடுவில் நின்றாள். "அது தினேஷ் வளத்த நாய். அவன் வந்து, கோப்பி எங்கம்மான்னு கேட்டா என்னா சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. கோப்பி தப்பித்தது. நான் மறுபடி பைப்பை எடுத்தேன்.

கடைசியில் இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சொன்னார்: தண்ணீரும் வினிகரும் பாதிப் பாதி. ஊற்றி ஊறவிட்டு, பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். ஊற்றினேன். அட, அன்று பகல் முழுக்க நாற்றமே இல்லை! மாலையில் திரும்ப வந்துவிட்டது, ஆபீஸ் விட்டு வீடு திரும்புகிறவனைப்போல.

சந்தேகம் வந்து மூலையைத் தூக்கிப் பார்த்தேன். நீல கேன்வாஸ்மேல் ஒரு குளம்.

மண் இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. கேன்வாஸ் ஒரு சொட்டையும் மறக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. நானும் புஷ்பாவும் புல்லைச் சுருட்டி, அந்தக் கேன்வாஸை உருவி எடுத்து, புல்லைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தோம். என் இடுப்பு அன்று போனது, இன்னும் திரும்பவில்லை. அந்தோணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மேற்பார்வை செய்தார்.

"இந்த வயசுல இப்படித் தேய்க்கிறீங்களே தலைவரே, மகன் வந்து பாத்தா அழுதுருவான்."

அவர்கள் வருகிற நாள் காலையில், முன்னெச்சரிக்கையாகக் கடைசியாக ஒரு முறை வினிகர். இந்த முறை பாதிப் பாதி எல்லாம் இல்லை. பாட்டிலோடு கவிழ்த்தேன். ஊறட்டும், அரைமணி கழித்து அலசிவிடலாம் என்று பைப்பைத் திறந்தால்... புஸ்ஸ்ஸ். காற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் தடை!

வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் கை வைக்க புஷ்பா விடவில்லை. குழந்தை குளிக்கணுமாம்.

சரி, வினிகர்தானே? ஊறுகாய்க் கடை வாசம்தான் வரும். நாய் வாசத்துக்கு இது எவ்வளவோ மேல். கோப்பியைப் பின்பக்கம், துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் கட்டிப்போட்டேன். கதவையும் சாத்தினேன்.

கார் வந்து நின்றது. மருமகள் ரேணுகா குழந்தையோடு இறங்கினாள். ஈப்போவில் வளர்ந்த பெண், நல்ல பெண். "மாமா! அத்தை!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் தினேஷ், பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. எல்லோரும் குழந்தையைத்தானே பார்ப்போம்? போன் திரையில் இருந்த முகத்துக்கு இப்போது கை இருந்தது, கால் இருந்தது. காலில் குட்டிச் செருப்பு.

"அங்கேயே நில்லுங்க, நில்லுங்க!" என்று புஷ்பா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். இதற்காகவே பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ப் புதுத் தட்டு வாங்கியிருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், ரத்தச் சிவப்பில் தளும்பியது. வெற்றிலைமேல் சூடம். மூன்று பேரையும் நிற்க வைத்துச் சுற்றினாள். அவள் கண்ணில் தண்ணீர். குழந்தை சூடத்தையே பார்த்தது. திருஷ்டிப் பொட்டு வைத்தாயிற்று. ரேணுகா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். குட்டிச் செருப்பு என் பிளாஸ்டிக் புல்மேல் நின்றது. இதற்குத்தானே இத்தனை பாடும்!

ஆரத்தித் தண்ணீரை எங்கே கொட்டுவது? எங்கள் வீட்டில் எப்போதும் செம்பருத்தி அடியில்தான். கைப் பழக்கம். புஷ்பா அந்த மூலைக்குப் போய்க் கவிழ்த்தாள்.

அதே மூலையில்.

நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. அதிலேயே புளிப்பு சேர்ந்தால் மறுபடி மஞ்சள். புல்லுக்குள் சிவப்பாக இறங்கிய தண்ணீர், ஓரத்தில் நான் பதித்த வெள்ளை டைல்ஸ்மேல் வெளியே வரும்போது... மஞ்சளாக வந்தது. நல்ல மஞ்சள். எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள்.

தியா நேரே அங்கே போனாள். குனிந்து, உள்ளங்கையால் சப்பென்று ஒரு அடி. பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தியா! நோ!" ரேணுகா பாய்ந்து தூக்கிக்கொண்டாள். "மாமா... இது கோப்பியோடதா?"

"இல்லம்மா! இது ஆரத்தி! மஞ்சள்தான். சிவப்பாதான் இருந்துச்சு. வினிகர் பட்டதனால மஞ்சளாயிடுச்சு!"

"புல்லுல எதுக்கு மாமா வினிகர்?"

"நாய் மூத்திரம் போறதுக்கு."

அவ்வளவுதான். நீதிமன்றத்தில் என்னைப்போல ஒரு சாட்சி இருந்தால் வக்கீலே தேவையில்லை.

வேலிக்குமேல் அந்தோணி தலை. "உண்மையா ஆரத்திதான்மா. நான் பாத்தேன்," என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரேணுகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சாலட் வாசம் வருது மாமா," என்றாள். "பைப்புல தண்ணி இல்லம்மா, அலச முடியல," என்றேன். எனக்கு உயிர் வந்தது. தப்பித்தோம்!

தினேஷ் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அப்பா, பாப்பாவுக்கு ஸ்கின் கொஞ்சம் சென்சிட்டிவ். தண்ணியும் இல்லங்கிறீங்க. நாங்க ஹோட்டல்லயே தங்கிக்கிறோம்பா."

"தண்ணி சாயந்தரம் வந்துடும்டா. ஸ்கூல் லீவு நேரம் வேற. இப்ப போய்க் கேட்டா எந்த ஹோட்டல்ல ரூம் குடுப்பான்?"

பாவம் ரேணுகா. அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "அதெல்லாம் கவலப்படாதீங்க மாமா. டிக்கெட் போடறப்பவே புக் பண்ணியாச்சு. பெட்டியெல்லாம் வச்சிட்டுத்தான் வர்றோம்."

தினேஷ் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தான்.

டிக்கெட் போடும்போதே. அதாவது, நான் புல்லைக் கொத்துவதற்கு முன்பே. கேன்வாஸ், லாவெண்டர், ப்ளீச், வினிகர், என் இடுப்பு எல்லாவற்றுக்கும் முன்பே. நாற்றமே இல்லாத வீட்டுக்கு அவன் வராமல் இருக்க முடிவெடுத்திருக்கிறான். நான்தான் அவனுக்கு ஒரு காரணத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

புஷ்பா காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சாப்பிட வாங்க. எறால் சம்பல் செஞ்சிருக்கேன்," என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

சாப்பிட்டார்கள். தினேஷ் நன்றாகத்தான் சாப்பிட்டான். பின்பக்கக் கதவை ஏதோ பிறாண்டிக்கொண்டே இருந்தது. அவன் குரல் கோப்பிக்கு மறக்குமா? கோப்பி எங்கம்மா என்று அவன் கேட்பான், கேட்பான் என்று புஷ்பா பரிமாறிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டான்.

கடைசியில் ரேணுகாதான் கேட்டாள். கதவைத் திறந்தேன். கோப்பிக்கு உடம்பு முழுக்க வாலாகிவிட்டது. ஆடிய ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்கு இருந்தும்விட்டது. தினேஷ் ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டான். "கிழவனாயிட்டான்பா," என்றான். பிறகு சானிடைசரைப் பிழிந்து கையைத் தேய்த்துக்கொண்டான்.

அந்த இரண்டு வாரத்தில் இன்னும் சில முறை வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்தார்கள். வருகிறவர்கள் உட்காருகிற மாதிரி, நுனியில். குழந்தை நடையிலிருந்து காருக்கு இடுப்பில்தான் போனாள். புல்லில் கால் படவில்லை. பிறகு விமானம் ஏறிப் போய்விட்டார்கள். மறுபடி போன் திரை.

நாம் எல்லோருமே இதைத்தான் செய்கிறோம் போலிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை முகம் சுளிக்கக்கூடாதே என்று, வீட்டில் உயிரோடு இருக்கிற எதையாவது பிடுங்கிவிட்டுப் பளபளப்பாக ஒன்றை விரித்து வைக்கிறோம். அவர்கள் வந்து, மரியாதையாகப் பார்த்துவிட்டு, ஹோட்டலுக்குப் போகிறார்கள். விரித்ததைக் கழுவிக்கொண்டு இருக்கவேண்டியது நாம்.

கட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தோணி ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அது எனக்கு அந்த நாற்றத்தைவிட மோசமாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் மறுபடி பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோப்பி மெல்ல நடந்து வந்தது. அந்த மூலைக்குப் போய், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக ஒன்றுக்கு இருந்தது.

ஹோட்டல் முன்னாலேயே போட்டது தெரிந்தும், யார்மேலாவது எரிந்து விழாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்போல இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த புஷ்பாவிடம் சொன்னேன். "இந்தச் சனியன அன்னிக்கே காப்பாருக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பியிருந்தா பிள்ள நம்மகூட தங்கியிருப்பான்."

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நம்மள விட்டுப் போகாதது அது ஒண்ணுதான்."